சந்தனம் பூசிய போல்ட்

ஹீன்கந்த தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் முதலில் கேட்கும் சத்தம், "இருளப்பன கூப்பிடு" என்பதுதான். கொழுந்து உருட்டும் ரோலர் நின்றாலும் அவன்தான், ட்ரையரின் சங்கிலி அறுந்தாலும் அவன்தான். மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் அவன். இப்படிக் கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு பெருமையும் இருந்தது. ஆனால் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பிறந்த பிறகு, யாராவது அவன் பேரைச் சொன்னாலே திடுக்கிட்டுத் திரும்பினான்.

லேத் மெஷினுக்குக் கீழே எண்ணெய் துடைக்கும் பஞ்சுப் பெட்டி ஒன்று உண்டு. அதன் அடியில், துணியில் சுற்றிய இரும்புச் சாமான் ஒன்று கிடந்தது. விசயம் தெரியாதவன் பார்த்தால் கனமான கதவுத் தாழ்ப்பாள் என்பான். ஒரு சாண் நீளத்துக்கு வழவழவென்று உருளை, பக்கவாட்டில் வளைந்த கைப்பிடி, முனையில் இரண்டு காதுகள். தெரிந்தவனுக்கு அது துவக்கின் போல்ட். ஒவ்வொரு வெடிக்கும் கையால் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளிப் பூட்டுகிற சாமான். அதுவும் சாதாரணத் துவக்குக்கு உரியதல்ல. தூரத்தில் மறைந்திருந்து ஒற்றை ஆளைக் குறிபார்க்கும் சினைப்பர் துவக்குக்கு உரியது.

அதைச் செய்யச் சொன்னவர் தோட்டத்துத் தொரை. தெல்கொட என்பது அவர் பேர். ஆர்மியில் மேஜராக இருந்து, ஆயுதங்கள் பழுது பார்க்கும் பட்டறையைக் கவனித்து, பிறகு விலகித் தோட்டத்துக்கு வந்தவர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் அவரை மேஜர் தொரை என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஒழுகிய லயங்களுக்குத் தகரம் போட்டுக் கொடுத்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களிடம் வாய் நீட்டிய கணக்கப்பிள்ளையை மாற்றினார். ஆனால் மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. வெளிநாட்டுத் துவக்குகள் இந்த ஊர் மழைக்குத் தாங்குவதில்லை. இந்த மழையிலேயே பிறந்து, இந்த மழையிலேயே பழகிய துவக்கு ஒன்றை நாமே செய்ய வேண்டும் என்பதே அது. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அனுமதி என்று ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. செய்து முடித்துக் கொழும்பில் பழைய நண்பரின் மேசை மேல் வைத்துவிட்டால் அனுமதி தானாக வரும் என்பது அவருடைய கணக்கு.

"இருளப்பன், பயம் வேணாம். நான் இருக்கிறதுதானே," என்பார் தொரை, அவருக்குத் தெரிந்த தமிழில்.

குழல் அவருடைய ஜீப்பில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று இருளப்பன் கேட்கவில்லை. குழலைத் தாங்கும் கட்டைக்குப் பலா மரம் அறுத்தார்கள். வெயில் நாளில் குறி சரியாக விழும். நாலு நாள் மழை பெய்தால் மரம் ஊதிக் குழலை ஒரு பக்கமாக நெருக்கும், குறி கோணலாகிப் போகும். தோட்டம் இருக்கும் நிவித்திகலப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! தொரை தேக்கு வைத்துப் பார்த்தார், எண்ணெயில் ஊற வைத்துப் பார்த்தார். கடைசியில், குழல் மரத்தைத் தொடவே கூடாது, பின்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் அந்தரத்தில் நிற்கட்டும் என்று முடிவு செய்தார். இருளப்பன் கட்டையைச் சுரண்டிச் சுரண்டி, குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் தடங்கலில்லாமல் போய்வரும்படி செய்தான். தாள் வழுக்கிக்கொண்டு போனபோது தொரை கைதட்டினார். இருளப்பனுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு அந்தச் சந்தோசத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. அவனுடைய அக்கா குடும்பம் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடி, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியது. இப்போது ஆர்மி சண்டை பிடிப்பதும் அங்கேதான். இந்தத் துவக்கு எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒருநாள் மத்தியானம் பங்களாவின் பின்னறையில் தொரை துவக்கின் மேல் தூரக்கண்ணாடியைப் பூட்டி, மணல் மூட்டையில் கிடத்தி வைத்திருந்தார். போல்ட் இன்னும் தயாராகவில்லை. வெறும் கூடுதான்.

"வாங்க, பாருங்க," என்றார்.

இருளப்பன் கண்ணை வைத்தான். முதலில் பச்சைப் புகை மாதிரி ஏதோ அசைந்தது. தொரை திருகியைத் திருப்பியதும் எதிர் மலை அப்படியே முகத்துக்கு நேரே வந்து நின்றது. தேயிலைச் செடி, கூடை, கூடையின் கயிறு, கயிறு அழுத்திய நெற்றி. கோகிலா! அவனுடைய பெண்சாதி. அவள் கொழுந்தைக் கூடைக்குள் எறிந்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பக்கத்தில் யாரோ என்னவோ சொல்ல, சிரித்தாள். இரண்டு மெல்லிய கோடுகள் அவள் காதுக்குக் கீழே குறுக்காகச் சந்தித்தன.

"அவ்வளவு தூரம்," என்று தொரை சிங்களத்தில் சொன்னார். "சத்தம் போய்ச் சேருவதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும்."

அவர் மலையைப் பற்றித்தான் சொன்னார், கோகிலாவைப் பற்றி அல்ல. கோகிலா அங்கே நிற்பது அவருக்குத் தெரியவே தெரியாது. இருளப்பனுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

போல்ட் கடைந்து முடிந்தது புரட்டாசி முடிகிற சமயத்தில். இரும்பு இன்னும் பச்சையாக இருந்தது. அதைப் பழுக்கக் காய்ச்சி உறுதியாக்கினால்தான் வெடியைத் தாங்கும். அந்த வேலை அவிசாவளையில் ஒரு பட்டறையில் நடக்கும்.

"திங்கக்கிழமை பஸ்ஸில போங்க. பையில போட்டு. ஸ்டோர் சாமான்னு சொல்லுங்க," என்றார் தொரை.

"தொரை, சந்தியில செக் பொயின்ட் இருக்குங்களே. ரத்தினபுரியிலயும் எறக்கி பாக்குறாங்க. நீங்க ஜீப்புல கொண்டு போனா..."

"நான் போனா, மேஜர் எதுக்கு வந்தார்னு எல்லாரும் கேக்கும். தோட்டத்து பிட்டர் போனா யார் கேக்கிறது?"

யார் கேட்பது! இருளப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோகிலாவின் தம்பி தினேஷ் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். கடை விளக்குக்கு வாங்கிய பேட்டரியும் வயர்த் துண்டும் பையில் இருந்தபோது, தங்கியிருந்த லொட்ஜில் பொலிஸ் சுற்றி வளைத்துப் பிடித்துப் போனது. திரும்பி வருவதற்கு ஒரு வருசத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது இவர்களோடு லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இருக்கிறான். வெளியே ஜீப் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு எழுந்து பின்வாசலுக்குப் போய் நிற்பான். பேட்டரிக்கே அப்படியென்றால் துவக்கின் போல்ட்டுக்கு?

திங்கட்கிழமைக்கு முன்னால் ஆயுத பூசை வந்தது. ஸ்டோரில் அது பெரிய விசேசம். மெஷின் எல்லாம் நிறுத்தி, கழுவி, வாசலில் வாழை கட்டி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் தலைவாழை இலைகளை விரிப்பார்கள். வேலையில் கைபட்ட சாமான் எதுவோ அதெல்லாம் இலைக்கு வர வேண்டும். சுத்தியல், அரம், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தராசு, ஆணி வரைக்கும். ஒன்றை விட்டுவிட்டால், விடுபட்டது வருகிற வருசம் ஆளைக் கடிக்கும் என்பது நம்பிக்கை. கற்பூரம் காட்டிய பிறகு மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது.

பூசை பொறுப்பு ட்ரையர் செல்லையாவுக்கு. கோயில் கமிட்டியிலும் அவர்தான். இருளப்பனை அன்று காலை நிவித்திகலவுக்கு அனுப்பி, ஹலீம் நானாவின் கடையில் ஒலிபெருக்கி எடுத்துவரச் சொன்னார். மழையில் பஸ் பிந்திவிட்டது. ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு இருளப்பன் ஸ்டோருக்குள் நுழைந்தபோது கற்பூர வாசனை அடித்தது. முதல் பூசை முடிந்திருந்தது.

நடு இலையில், ஸ்பேனர்களுக்கு மத்தியில், சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூவோடு, போல்ட்.

ஒலிபெருக்கியை எப்படிக் கீழே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

"அண்ணே, யாரு இத எடுத்தது?"

"நான்தாண்டா," என்றார் செல்லையா, திருநீற்றுத் தட்டோடு. "பஞ்சுப் பெட்டிக்குள்ள கெடந்திச்சி. போன வருசம் சசிப்பய ஒரு உளிய மறந்துட்டான், அது அவன் உள்ளங்கைய பொளந்துருச்சி. அதான் மூல முடுக்கெல்லாம் தேடுனேன். வருசம் பூரா இதத்தானே மாஞ்சு மாஞ்சு கடைஞ்ச? அத விட்டுப்புட்டு ஓட்ட ஸ்பேனருக்கு பூச போட்டா சாமி கண்ண குத்தாதா?"

"எடுத்துருங்கண்ணே. கால புடிக்கிறேன்."

"லூசா நீ? கற்பூரம் காட்டியாச்சு. விடியிற வரைக்கும் ஒரு ஆணிகூட நகரக்கூடாது. ஒனக்கு தெரியாதா?" செல்லையா அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என்னாடா, காய்ச்சலா? இப்பிடி வேர்த்திருக்க."

இருளப்பன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒன்றல்ல, இரண்டு. முதலாவது தொரையுடையது. பின்னால் வந்தது பொலிஸ் ஜீப். இந்த வருசம் பூசைக்கு நிவித்திகலப் பக்கத்துப் பொலிஸ் இன்ஸ்பெக்டரையும் தொரை அழைத்திருந்தார். தோட்டத்து ஆட்களை அவர் நேரில் பார்த்தால் சந்தியில் கெடுபிடி குறையும் என்று எல்லோரும் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டிருந்தார்கள். இருளப்பனும்தான்.

இன்ஸ்பெக்டர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கைகூப்பிக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல மரியாதையான மனிதர். செல்லையா வைத்த பொட்டைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள், தோளில் துவக்கோடு. இன்ஸ்பெக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இலை இலையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கவ்வாத்துக் கத்திகளைப் பார்த்துத் தலையாட்டினார். தராசைப் பார்த்துச் சிரித்தார். நடு இலையில் நின்றார். குனிந்தார்.

"மேக்க மொகக்த?" என்றார். இது என்ன?

யாரும் வாய் திறக்கும் முன் செல்லையாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "அது நம்ம பிட்டர் கையால செஞ்சது, சேர்! இவருதான்!" என்று சிங்களத்திலும் தமிழிலுமாகச் சொல்லி, இருளப்பனின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து விட்டார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீயா செய்தாய்? எந்த மெஷினுக்கு?"

இருளப்பன் தொரையைப் பார்த்தான். தொரை சரஸ்வதி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறவரைப் போல, வீணையின் ஒவ்வொரு கம்பியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோலர் சாமான் என்று சொல்லலாம். நாக்கு நுனியில் அதுதான் நின்றது. ஆனால் அந்தக் கான்ஸ்டபிள் இலையைப் பார்த்தான், தன் தோளிலிருந்த துவக்கைப் பார்த்தான், மறுபடி இலையைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. இனிப் பொய் சொன்னால் அந்தப் பொய்யே கயிறாகிவிடும். கதவோரம் பெண்கள் கூட்டத்தில் கோகிலா நிற்பது தெரிந்தது. வாயைச் சேலையால் பொத்தியிருந்தாள்.

"தொரையோடதுங்க," என்று சிங்களத்தில் சொன்னான். அந்தக் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "தொரை சொல்லித்தான் செஞ்சேன்."

செல்லையாவின் கையில் இருந்த தட்டு சரிந்து திருநீறு கொட்டியது. தொரையை நோக்கிக் கை நீட்டிய தோட்டத்து ஆளை அவர் தன் ஆயுளில் பார்த்ததில்லை.

தொரை படத்திலிருந்து திரும்பினார். பிறகு தொரை சிரித்தார்.

"ஆமாம், ஆமாம். என்னுடைய பைத்தியம்தான்," என்றார் சிங்களத்தில். "மழைக்குத் தாங்குகிற மாதிரி ஒன்று செய்து பார்க்கிறேன்."

"மேஜர் இன்னும் ஆர்மியை விடவில்லை!" என்று இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அதோடு அவர்கள் இருவரும் மரம் ஊதுவதைப் பற்றியும், குழல் அந்தரத்தில் நிற்பதைப் பற்றியும், எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். இன்ஸ்பெக்டர் சின்னப் பையனைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டார். தட்டில் வைத்துக் கொடுத்த சுண்டலைக் கொறித்துக்கொண்டே கேட்டார். செல்லையா இழுத்துவிட்ட இடத்திலேயே இருளப்பன் நின்றான். போ என்று யாரும் சொல்லவில்லை.

இதற்கிடையில் கான்ஸ்டபிள் அவன் பக்கத்தில் வந்து அடையாள அட்டையைக் கேட்டான். வாங்கி, முன்னும் பின்னும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். தொரையிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் புறப்படும்போது இருளப்பனின் தோளில் தட்டினார். "ஆனால் மேஜர், இதை எங்கேயாவது கொண்டுபோவதென்றால் நீங்களே கொண்டுபோங்கள். சந்தியில் இவனுடைய பையில் என் பையன்கள் இதைக் கண்டால், யாருடையது என்று கேட்க எனக்கு நேரம் கிடைக்காது."

இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பங்களாவுக்குப் போனார்கள்.

போகிற போக்கில் தொரை ஒரு நிமிடம் பின்தங்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை. "எல்லாருக்கும் முன்னால என் பேர் சொல்றதா?" என்றார் மெதுவாக. பிறகு, "சரி. இப்ப இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். இனி என்ன பயம்? திங்கக்கிழமை பஸ்ஸில போங்க."

"தொரை, அவரு இப்பத்தானே சொன்னாரு..."

"அது பகிடி, சும்மா சிரிக்க சொன்னது. நான் இருக்கிறதுதானே."

சாயங்காலம் லயத்தில் கோகிலா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். தினேஷ் இரண்டு ஜீப் சத்தம் கேட்டுப் போனவன், தண்ணீர் விழும் பீலிக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றான். அவனைக் கூட்டிவரவே நேரமாயிற்று.

"பாத்தியா," என்றாள் கோகிலா, தம்பியின் தலையைத் துவட்டிக்கொண்டே. "தொரையோடதுன்னதும் சிரிச்சாங்க. ஒன்னோடதுன்னு இருந்தா?"

இருளப்பன் அடுப்புக்கு முன்னால் குந்தி விறகை உடைத்து வைத்தான்.

"போகாத."

"போகாட்டி வேல போயிரும். காம்பரா போயிரும்."

"போனா நீ போயிருவ." அவள் துவட்டுவதை நிறுத்தினாள். "இவனுக்கு தலைய தொவட்ட நான் இருக்கேன். ஒனக்கும் சேத்து தொவட்ட எனக்கு தெம்பு இல்லப்பா."

தினேஷ் தலையை நிமிர்த்தி, "மாமா, அந்த சாமான் இப்ப எங்க?" என்று கேட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அது. இலையில்தான் இருக்கிறது என்றான் இருளப்பன். "அது இருக்கிற வரைக்கும் கேப்பாங்க மாமா. சாமான் இருந்தா கேட்டுகிட்டே இருப்பாங்க," என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி குனிந்துகொண்டான்.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் அவரவர் சாமானை இலையிலிருந்து எடுத்து, கொஞ்சமாவது வேலை செய்து பார்க்க வேண்டும். அதுவும் முறைதான். செல்லையா நேற்றைய சம்பவத்தால் கொஞ்சம் ஒடுங்கிப் போயிருந்தார். போல்ட்டை அவரே எடுத்து இருளப்பனின் கையில் வைத்தார்.

"மன்னிச்சிருடா. எனக்கு என்னா தெரியும். வழக்கமா செய்யிறத செஞ்சேன். ஒரு சுத்து லேத்துல போட்டு எடு, சாமி பாத்துக்கும்."

இருளப்பன் போல்ட்டை வைஸின் தாடையில் இறுக்கிப் பிடித்து, இரும்பறுக்கும் வாளை எடுத்தான். கைப்பிடி வளையும் இடத்தில் வைத்து அறுக்கத் தொடங்கினான். கீச்சென்ற சத்தத்துக்குச் செல்லையா திரும்பினார்.

"டேய், என்னாடா பண்ற?"

"வேலதான்ணே."

கைப்பிடி தரையில் விழுந்து உருண்டது. உருளையை லேத்தில் பூட்டிச் சுற்றவிட்டான். முனையில் இருந்த இரண்டு காதுகளும் கத்தியில் டக்கு டக்கென்று முட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைந்தன. இரும்புச் சுருள் சந்தனமும் குங்குமமுமாகக் கழன்று விழுந்தது, பிறகு வெறும் வெள்ளையாக. இரும்பு பச்சையாக இருந்தது நல்லதாகப் போயிற்று. இத்தனையும் செய்யும்போது தைரியம் வந்தது என்று சொல்ல முடியாது. கத்தி இரண்டு தடவை உடைந்தது. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்ற பயத்தில்தான் நிறுத்தாமல் கடைந்தான். உருளை பென்சில் கனமாகி, ஈர்க்குக் கனமாகி, கடைசியில் துள்ளி முறிந்தது.

தொரை காலைச் சுற்றில் ஸ்டோருக்குள் வந்தபோது இருளப்பன் சுருளைக் கூட்டிக்கொண்டிருந்தான். தொரை முதலில் இலையைப் பார்த்தார். பிறகு லேத்தை. பிறகு தரையில் கிடந்த கைப்பிடியைக் குனிந்து எடுத்தார். தனக்குப் பிடித்த அந்த வளைவில் விரலை ஓட்டினார்.

"ஏன்?" என்றார்.

எத்தனையோ பதில்களை இருளப்பன் யோசித்து வைத்திருந்தான். கை தவறிவிட்டது, இரும்பில் கீறல் இருந்தது, லேத் பிடிக்கவில்லை.

"பயமா இருந்திச்சிங்க தொரை."

தொரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் சொல்லவில்லை. ஸ்டோர் முழுக்க ஆட்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கைப்பிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வேற பிட்டர் கிடைக்கும்," என்றார் சிங்களத்தில். "நாளையிலிருந்து நீ மலைக்கு, மம்பட்டி வேலைக்குப் போ."

திங்கட்கிழமை இருளப்பன் சந்திக்கு மேலே இருந்த மலையில், மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிற ஆட்களோடு மம்பட்டி பிடித்து நின்றான். பழகாத கையில் அதற்குள் கொப்புளம் போட்டிருந்தது. கீழே, அவன் போயிருக்க வேண்டிய நிவித்திகல பஸ் வந்து செக் பொயின்டில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். மழைத் தூறலில் வரிசையாக நின்று பைகளைத் திறந்தார்கள். ஒருவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, பையிலிருந்ததையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார்கள். இருளப்பன் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். மேலேயிருந்து பார்க்க ஒரு துவாலையும் கொஞ்சம் வெற்றிலையும் போலத்தான் தெரிந்தது. அவனையும் விட்டார்கள். எல்லோரும் ஏறினார்கள்.

"என்னா பிட்டரு," என்று கங்காணி மேலே இருந்து கத்தினார். "மம்பட்டி தன்னால சுத்தும்னு நெனைச்சியா? குனிஞ்சு வெட்டப்பா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருளப்பனும் சிரிக்கப் பார்த்தான். பஸ் திருப்பத்தில் மறையும் வரை காத்திருந்துவிட்டு, குனிந்து வெட்டினான்.